தோளில் தட்டியவர்கள்

எழுபத்திரண்டில் விருத்தாசலத்தில் பதினோராம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி திரௌபதி மஞ்சள் காமாலையில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஏழு வயது மகள் செங்கமலம் இனி எங்கே வளர்வது என்பதை என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பிலிருந்து திரௌபதியின் அண்ணன் பழமலை மச்சான் வந்து அவளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பெண்பிள்ளையை ஆம்பளை தனியாக வளர்க்க முடியாதாம். பாதி நானும் அதை நம்பியிருந்தேன். தினமும் காலையில் நான் எடுத்துவிடும் வகிடு மணிமுத்தாறு மாதிரி வளைந்துதான் போனது.

அந்த வாரம் பார்த்துத்தானா பாடத்தில் அந்தக் கவிதை வர வேண்டும்? மனைவியை எரித்துவிட்டு வந்த ஒருவன் வாசலில் நிற்கிறான். ‘வந்தவர் எல்லாம் தோளில் தட்டினர், ஆண்மகன் நீயெனச் சொல்லிச் சென்றனர்.’ அவனை அழவிடாத ஊரைப் பற்றிய கவிதை. இதைப் பையன்கள் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

எதற்குத் தட்டினார்கள் என்று தங்கதுரையைக் கேட்டேன். அவனது மனவுறுதியைப் பாராட்டும் பொருட்டு என்று நோட்ஸில் இருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தான். அடுத்தவனும் அதே பொருட்டு. அதற்கடுத்தவனும். மனைவி செத்ததற்கு யாராவது பாராட்டுவார்களா என்றேன். வீரன் என்றால் பாராட்டலாம் என்றான் ஒருவன். அவள் என்ன போரிலா செத்தாள் என்றேன். அவன் நோட்ஸைப் புரட்டிப் பார்த்தான். உங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது அப்பா அழுதாரா, அழுதபோது யார் என்ன சொன்னார்கள், அதை யோசியுங்களேன் என்று கெஞ்சினேன். அப்பா அழுவதா என்று வகுப்பே சிரித்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ராஜாங்கம் கையைத் தூக்கினான். அவன் அப்பா செராமிக் பேட்டையில், சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளில் நல்லதைப் பொறுக்கும் வேலையில் இருந்தார்.

“விரிசல் வுட்டிருக்குதான்னு பாக்கத் தட்டறாங்க ஐயா. ணங்குன்னா லாரில ஏத்துவாங்க. டொக்குன்னா ஒதுக்கிருவாங்க.”

“அவன் ஆளுடா. ஜாடி இல்ல.”

“தட்டனா அதுக்குத்தாங்கய்யா தட்டுவாங்க.”

அவனை உட்காரச் சொல்லிவிட்டு, விளக்கத்தை நானே கரும்பலகையில் எழுதினேன். சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அவர் மனைவி சொர்ணாம்பாளும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். செங்கமலத்தின் பாவாடை சட்டைகள் ஒரு மூட்டையில் அடங்கிவிட்டன. சொர்ணாம்பாள் அவளை உட்காரவைத்து நான் போட்ட பின்னலை அவிழ்த்தாள். ஆம்பளை கைக்கு இதெல்லாம் வருமா அண்ணே என்று சிரித்தாள். நான் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளும் வரைக்கும்தான் குழந்தை அங்கே இருக்கும் என்றாள். செங்கமலம் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்த மச்சான் என் தோளில் தட்டினார்.

“மனச வுட்டுடாத மாப்ள. ஆம்பள நீ.”

முதலில் எரிச்சல்தான் வந்தது. இவரும் அந்த நோட்ஸைப் படித்துவிட்டு வந்தாரோ என்றிருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். தோளிலிருந்து கையை எடுக்காமல், என்ன சத்தம் வருகிறது என்று காத்திருந்தார்.

“ஒடைஞ்சுதான் கெடக்கறன் மச்சான்,” என்றேன். “அதுக்காவ புள்ளையயும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.”

அவர்கள் முன்னாலேயே அழுதேன். மச்சான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். சொர்ணாம்பாள்தான் எழுந்து மூட்டையை அவிழ்த்தாள். எண்ணெய் வைக்காமல் சீவினால் வகிடு எப்படி நேராக வரும் என்று என்னைத் திட்டினாள். மத்தியானப் பஸ்ஸில் அவர்கள் இருவர் மட்டும் போனார்கள்.

மறுநாள் வகுப்பில் நான் எழுதிக்கொடுத்த விளக்கத்தை அடிக்கச் சொல்லிவிட்டு, ராஜாங்கம் சொன்னதை அவன் வாயாலேயே எல்லோருக்கும் மறுபடி சொல்லவைத்தேன். தங்கதுரை எழுந்து நின்றான். பரீட்சைக்கு எதை எழுதுவது, ஜாடியையா, பொருட்டையா என்று கேட்டான்.