மீதி பூஜ்யம்

நாலு கோடியே முப்பத்தொரு லட்சத்துச் சொச்சம் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் ஒரு பகா எண் வரும். கிட்டத்தட்ட ஒரு கோடியே முப்பது லட்சம் இலக்கம். இது ஊரறிந்த சமாசாரம், நான் கண்டுபிடித்ததல்ல. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என் புரோகிராம் உருப்படியா என்பது மட்டும்தான்.

சோதனை எளிது. நாலில் ஆரம்பித்து, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். நாலு கோடிச் சொச்சம் தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் அது பகா எண், என் புரோகிராமும் சரி. வேறு எது வந்தாலும் நான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன்.

ஒன்பது வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளை வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. விஜயதசமிக்கு மறுநாள். புரோகிராம் ஓடி முடிந்த அத்தாட்சியோடு வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று காலை என் கணவர் ராம்கி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"ஆஃப் பண்ணு ஸ்ரீ. இன்னிக்கு ஒரு நாள் அதுக்கும் ரெஸ்ட் குடுக்கணும்."

"பொட்டு வெச்சுட்டுப் போங்க. பட்டன்ல கை வெச்சா தெரியும் சேதி."

சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் ஒன்றுமில்லை. "அதுவா நின்னுடுத்து," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். விடையை ஃபைலில் சேமிக்கச் சொல்லி எழுதாமல் விட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இன்னொரு தடவை ஓட்டப் பதினோரு நாள் வேண்டும். கையில் இருந்தது இரண்டு. சுண்டலைக்கூடத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவருக்கே பொறுக்கவில்லை.

"அதுவா நிக்கலை ஸ்ரீ. நான்தான் மூடினேன். மீதின்னு போட்டு பூஜ்யம் வந்திருந்தது. இத்தனை நாள் கஷ்டப்பட்டு முட்டை வாங்கினா, நல்ல நாளும் அதுவுமா உனக்கு பேஜாராயிடும்னு..."

நான் தோற்றுவிட்டேன் என்று முடிவுகட்ட இந்த மனுஷருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுருக்கென்று தைத்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"என்ன வந்தது? இன்னொரு தடவை சொல்லுங்க."

"பூஜ்யம்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. தண்டனை என்று நினைத்துவிட்டார். மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

பிறகுதான் அர்த்தத்தைச் சொன்னேன். திருதிருவென்று விழித்தவர், சட்டென்று போனைத் தேடி எடுத்தார். மூடுவதற்கு முன்னால் பூஜையை போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். சாமந்தி மாலை, குங்குமப் பொட்டு, பின்னால் திரையில் என் புரோகிராம், அதன் அடியில் பளிச்சென்று: கடைசி மீதி 0.

அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பிக் கும்பிட்டிருந்தார்கள்.