நான்கு பேருக்கு மேல் கூடாது

ஷைனா மெத்தையை இழுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினாள்.

“ஜெபினா, எந்திரிடி! சிட்டி ஆபீஸ்லேருந்து ஆள் வந்தாச்சு. கார் பார்க் பண்றான்!”

நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த நர்ஸ் ஜெபினா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. “என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிடு.”

டாலஸுக்கு வடக்கே ஓர் அமைதியான தெரு. ஒரே வீட்டில் உறவில்லாதவர்கள் நான்கு பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். ஜலஜாவின் வீட்டில் அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். வேலை போனவள், விவாகரத்தானவள், லைசென்ஸ் பரீட்சைக்குப் படிப்பவள்... தனி அபார்ட்மென்ட் எடுக்க ஒருத்திக்கும் வழியில்லை. பிடிபட்டால் இரண்டு பேர் தெருவில்.

யாரோ கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டார்கள்.

காலிங் பெல் அலறியது. ஜலஜா நிதானமாகக் கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற அதிகாரி, மூச்சிரைக்க நின்ற ஷைனாவைப் பார்த்தார்.

“இவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று ஜலஜாவைக் காட்டி அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆன்ட்டி!” ஷைனா முந்திக்கொண்டாள். பொய்யென்று சொல்ல முடியாது. இரண்டு வருடமாக ஜலஜாவை அவள் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

“உறவே கிடையாது” என்றாள் ஜலஜா, பளிச்சென்று. “இங்கே ஆறு பேர் இருக்கிறோம். உள்ளே வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.”

ஷைனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அதிகாரி எண்ணினார். நோட்டீஸை நீட்டினார். போய்விட்டார்.

“என்ன ஆன்ட்டி, நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க! அவன் நம்பியிருப்பான்!”

“இன்னிக்கு நம்புவான். நாளைக்கு? பெல் அடிக்கறப்போல்லாம் பதுங்கணுமா? நோட்டீஸ் கையில இருந்தாத்தான் அந்தச் சட்டத்தை எதிர்த்து அப்பீல் பண்ண முடியும். லாயர் ரெடி. முடிவு வர்ற வரைக்கும் ஒருத்தரும் காலி பண்ண வேண்டாம்.”

போர்வையோடு எழுந்து வந்த ஜெபினா கேட்டாள்: “தோத்துட்டா?”

“ஃபைன் என் பேர்ல வரும். அது என் தலைவலி.”

ஷைனா அந்த ஒல்லி உருவத்தை வாய் பிளந்து பார்த்தாள். என்ன நெஞ்சழுத்தம்!

“அப்போ எதிர் வீட்டுக்காரனுக்கு தேங்க்ஸ் சொல்லணும் ஆன்ட்டி. அவன்தானே மாட்டிவிட்டான்?”

“சேச்சே, அவர் தங்கமான மனுஷன்.” ஜலஜா சோபாவில் சாய்ந்தாள். “முன்னாடியே சொல்லியிருந்தா, எனக்கு ஃபைன் வந்துடும்னு நீங்களே பெட்டியைக் கட்டியிருப்பீங்க. அதான் மூச்சு விடல. கம்ப்ளெயின்ட் குடுத்தது நான்தான்.”