சுயமதிப்பீட்டில் ஒரு வரி

தம்பியின் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் வக்கீல் ஹோத்தா வாசலில் செருப்பைக் கழற்றியது சர்வேஸ்வர் மகாந்தியின் கண்ணில் பட்டது. சாவு வீட்டுக்கு வக்கீல் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தம்பி பைகுண்டநாத்தின் வழக்கை ஒன்பது வருடம் நடத்தியவர். வராதே என்று எப்படிச் சொல்வது?

கட்டக் நகரமே அறிந்த வழக்கு அது. பாசனத் துறையில் இளநிலைப் பொறியாளரான பைகுண்டநாத், வெள்ளத்தில் காட்டஜோடி ஆற்றின் கரை உடைந்தபோது மூன்று நாள் தண்ணீரில் நின்று அடைத்தவர். அந்த வருடப் பணியை மதிப்பிடும் ரகசிய அறிக்கையில் மேலதிகாரி அவருக்குப் போட்டது ‘நன்று’. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும். பட்டியலில் பெயர் விடுபட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

“கரை ஆத்துக்கு எந்தப் பக்கம்னு கேட்ட ஆளுக்கு மிக நன்று. நம்ம பைகுண்டா பாபுவுக்கு வெறும் நன்று,” என்று கூடத்தில் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். யாரோ சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

வக்கீல் உடலை வணங்கிவிட்டு, தம்பி மகள் இதிஸ்ரீயிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். வியாழக்கிழமை தீர்ப்பாயத்தில் விசாரணை. வாரிசாக அவள் பெயரைச் சேர்த்தால் வழக்கு தொடரும். இறந்தவருக்கு அந்தப் பதவி ஏட்டிலாவது கிடைக்கலாம். ஆனால் அரசுத் தரப்பு ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சுயமதிப்பீட்டுப் படிவத்தில், ‘இவ்வாண்டின் சாதனைகள்’ என்ற இடத்தில் பைகுண்டநாத் எழுதியது ஒரே வரி: ‘ஒப்படைத்த வேலையைச் செய்தேன்.’ அவரே சொல்லாததை அதிகாரி எப்படி எழுதுவார் என்று கேட்கிறார்கள்.

“அப்பா ஏன் எழுதல?” என்றாள் இதிஸ்ரீ.

“நூறு தடவை கேட்டேன்மா. மறந்துட்டேன்னாரு. பிரமாணப் பத்திரத்துலயும் அதையேதான் எழுதச் சொன்னாரு. மூணு நாள் வெள்ளத்துல நின்னவர் மறந்துட்டாராம்.”

சர்வேஸ்வரின் கை சந்தனக் கிண்ணத்திலேயே நின்றது.

அந்தப் படிவத்தை நிரப்பி முடித்ததும் தம்பி அதை அவரிடம்தான் கொண்டுவந்தான். பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் பெருமையைத் தானே எழுதி மேலதிகாரி முன் நீட்டுவது மகாந்தி வீட்டில் கிடையாது என்றார். தம்பி அங்கேயே உட்கார்ந்து வேறு படிவத்தில் அந்த ஒரு வரியை எழுதினான். பிறகு வழக்கு என்று வந்தபோது, விட்டுக்கொடுக்காதே, போராடு என்று முதுகில் தட்டியவரும் அவர்தான்.

அண்ணன் பெயரை ஒரு இடத்திலும் சொல்லாமல் ஒன்பது வருடம் மறதிக்காரனாக நின்றிருக்கிறான்.

அவர் எழுந்து வக்கீலின் எதிரே வந்தார்.

“அவன் மறக்கல. எழுதியிருந்தான். வேண்டாம்னு தடுத்தது நான். எழுதிக்கோங்க.”

இதிஸ்ரீ அவரையே பார்த்தாள்.

“இதனால ஜெயிச்சிடுவோம்னு சொல்ல முடியாது பாபு,” என்றார் வக்கீல். “உங்க பேரு தீர்ப்புல வரும். எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க.”

“வாசிக்கட்டும்.”

வக்கீல் பையிலிருந்து காகிதம் எடுத்தார். பெயர், தகப்பனார் பெயர், வயது. எழுபத்தெட்டு என்றார். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டபோது மட்டும் அவர் தம்பியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணன்.”

வாசலில் பாடையைத் தூக்கக் கூப்பிட்டார்கள். வேண்டாம் பெரியப்பா, நாங்க பாத்துக்கறோம் என்றார்கள் இளவட்டங்கள். அவர் முன்பக்க மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றார். பாடை அவர் பக்கம் சாய்ந்தது. மற்ற மூவரும் உயரமானவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு முழங்காலைச் சற்று மடக்கி, அவர் உயரத்துக்குத் தாழ்ந்து நடந்தார்கள்.