நாற்பதாவது அட்டை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதில்லை. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னது: "அளந்தவரும் திருடல, வாங்குனவங்களும் திருடல. ஆனாக் கடைசி மூணு குடும்பத்துக்கு அரிசியே இல்ல." கேட்ட குஷியில் என் பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

2

1992. காங்கேயம் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் இளவெயில்... (வேண்டாம். வெயிலில் தொடங்கிய கதைகள் போதும்.)

கிடங்குக்காரர் திருமூர்த்தி ஒரு பெரிய திரு— (அடித்துவிட்டேன். முதல் வரைவில் அவரைத் திருடனாக்கினேன். எனக்கு வசதியாக இருந்தது, மனசுதான் கேட்கவில்லை.)

சரி, இப்படி. அரிசி கொடுக்கும் உதவிச் சங்கம் கோயம்புத்தூரிலிருந்து கிருபாவதியைத் தணிக்கைக்கு அனுப்பியது. அவளுக்கு இதுதான் முதல் தணிக்கை. நாற்பது குடும்பம், குடும்பத்துக்குப் பத்துப் படி. முறைக்கு நானூறு படி அரிசி வந்திருந்தது, பதிவேட்டில் நாற்பது கையெழுத்தும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முப்பத்தேழாவது குடும்பத்தோடு அரிசி தீர்ந்துவிடுகிறது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். நிரூபணமானால் திருமூர்த்திக்கு வேலை போகும், திருடன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

3

அரிசி போடும் நாளில் கிருபாவதி பக்கத்தில் நின்று பார்த்தாள். திருமூர்த்தி படியில் அரிசியைக் குவித்து, மேலே வழிக்காமல் சரியச் சரிய அளந்தார். மூன்றாவது குடும்பத்திலேயே கிருபாவதிக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"ஏனுங்கண்ணா, தலைதட்டாம அளக்கறீங்க?"

"தட்டுனா நல்லாருக்குமுங்களா அம்மணி? ஊரை உட்டுப்போட்டு வந்தவங்க. எங்க களத்துக்கு நெல்லு கேட்டு வாரவங்களுக்கே நாங்க தலைதட்டி அளக்க மாட்டோமுங்க."

"அப்பக் கடைசி மூணு குடும்பம்?"

"முன்னால வாங்குனவங்க ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துருவாங்க. அவங்களுக்குள்ள சரிக்கட்டிக்குவாங்க."

(இவ்வளவுதானய்யா மர்மம்! இதை எழுதும்போது நாற்காலியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.)

4

முன்னால் வாங்கிய இரண்டு பேரையும் அவள் திரும்ப அழைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பையிலிருந்த மர ஸ்கேலை எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொரு படியையும் தானே தலைதட்டினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதாவது குடும்ப அட்டைக்கும் அரிசி இருந்தது!

அட்டைக்காரி சாரா, மன்னாரிலிருந்து வந்தவள். திருமூர்த்திக்குக் கரைச்சல் வரக் கூடாதென்று எப்போதும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுகிறவள். பத்தாவது படி பையில் விழுந்ததும் அழுதுவிட்டாள்.

"அரிசி எப்பவும் கிடைச்சதுதான் அக்கா. ஆனா ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் போய் நிக்க வேணும். இண்டைக்குத்தான் நிக்கேல்லை."

திருமூர்த்தி படியைக் கீழே வைத்தார்.

"இத்தன நாளா இந்தப் புள்ளைய வாசல் வாசலா நிக்க வெச்சது நானுங்களா?"

கிருபாவதி ஸ்கேலைப் பைக்குள் வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

"உள்ளத எழுதிப்போடுங்க அம்மணி," என்றார்.

5

எழுதலாம். ஆனால் சங்கத்தின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: 'குறை இல்லை', 'கையாடல்'. விளக்கம் எழுத இடமில்லை.

முதல் கட்டத்தில் டிக் போட்டு ஒரு முடிவு எழுதினேன். அதில் சாரா வாசல்களில் நின்றதே நடக்காததாகிவிட்டது. இரண்டாவதில் போட்டு இன்னொன்று எழுதினேன். திருமூர்த்தி மறுபடியும் திரு— (அடித்துவிட்டேன்.)

எனக்குக் கை வரவில்லை. படிவத்தை உங்களிடம் தருகிறேன். நீங்கள் போடும் வரைக்கும் அந்த மனுஷன் நின்றுகொண்டேதான் இருப்பார்.