எட்டாம் நாளின் உத்தரவு

காலை பத்தரைக்கு இரு தரப்பும் மேசைக்கு வந்தபோது, மொழிபெயர்ப்பாளரான அவளுக்கு வழக்கம்போல நடுவில், சற்றே பின்தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே பக்கத்து நாட்டுத் தளபதி. இந்தப் பக்கம் வெளியுறவுச் செயலர்.

போர் பதினொரு நாள்தான் நடந்தது. அதற்குப் பிறகு நாடு தலைகீழாகிவிட்டது. படைச் செலவு இரண்டு மடங்கானது. பதினெட்டு வயதானால் கட்டாயப் பயிற்சி. ஆபத்தில் கைவிரித்த பழைய நட்பு நாட்டோடு பேச்சு அறுந்துபோய், போர் முடிந்த மூன்றாம் வருடமே, அடித்துக்கொண்ட இரு நாடுகளும் எல்லையில் கூட்டு ரோந்து ஒப்பந்தத்துக்கு உட்கார்ந்திருந்தன. பக்கத்து நாட்டு மொழி தெரிந்தவள் அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். போரின் எட்டாம் நாள் எல்லைச் சாவடியில் அவள் கணவன் செத்தது ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வேலையில்லாத நாட்களில் வீடு அவளை விழுங்கப் பார்த்தது.

தளபதி எழுதிவந்த தாளை மூடிவைத்துவிட்டுப் பேசினார். அவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அது தொழில் விதி. நாக்கு பழக்கத்தில் ஓடியது.

“எட்டாம் நாள் அந்தச் சாவடியைச் சுடச் சொல்லி உத்தரவு போட்டது நான்தான்.”

தன் குரல் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குப் பொருள் உறைத்தது. தளபதி நிறுத்தவில்லை. அவளாலும் நிறுத்த முடியவில்லை.

“உள்ள ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் போட்டேன். அதைச் சொல்லாம கையெழுத்துப் போட மனசு வரல.”

செயலர் நெளிந்தார். “அதெல்லாம் முடிஞ்சு போச்சு, எங்க மனசுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்கம்மா.”

பதினான்கு வருடங்களில் ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றியதில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பிறகு அவர்கள் மொழியில், “அரசின் மனதில் ஒன்றும் இல்லை” என்றாள்.

தளபதி செயலரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் போனில் கூப்பிட்டார்.

“டிவில உன்னப் பாத்தேன்மா. இளைச்சுட்ட. பக்கத்துல நின்னாரே, அந்தப் பெரியவர் யாரு?”

“வெளிநாட்டு விருந்தாளி, அத்தை.”

“நல்ல சாந்தமான முகம். ஒரு மாதிரி அழுத கண்ணு.”

“ம்.”

“சாப்பிட்டியா?”

“ஆச்சு அத்தை.”

மாமியார் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மறுமுனையில் அதே செய்தி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கைதட்டல் மட்டும் கேட்டது. அவள் விளக்கைப் போடாமல், ஒரு காலில் செருப்போடு, சுவரில் சாய்ந்து நின்றாள்.