ஃபெஸ்டியின் பெயருக்குப் பின்னால்

ஃபெஸ்டியின் படகு திரும்பாமல் இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. ஊர்ப் படகுகள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தன. வீட்டுக்காரி தன் வாயால் அவன் பெயருக்குப் பின்னால் 'பொக்த்' என்று சொல்லும்வரை தேடுவது அந்த அயர்லாந்துக் கரையின் வழக்கம். செத்தவர் பெயரை ஒட்டி வரும் சொல் அது. சொல்லிவிட்டால் படகுகளைக் கரையேற்றிவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அவன் மனைவி நேப்ளா சொல்லவில்லை. வேறு யாரையும் சொல்ல விடவுமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள்; அவள் முறைத்தே மூடிவைத்திருந்தாள்.

கொழுந்தன் பார்ட்லி அன்று மதியம்தான் கடலிலிருந்து வந்து கணப்படுப்பருகே உட்கார்ந்திருந்தான். துடுப்புப் போட்டுப் போட்டுக் கையெல்லாம் கொப்புளம்.

நாள் பார்த்து வந்து சேர்ந்தார், ஊர்ச் சொற்களைச் சேகரிக்கும் டப்ளின் அகராதிக்காரர். வீட்டுச் சங்கதி எதுவும் அறியாத மனிதர். மேசையில் அட்டைகளைப் பரப்பினார்.

“இன்னைக்கு 'பொக்த்'ங்கற சொல்லும்மா. என்னென்ன அர்த்தம்?”

பார்ட்லி இருமினான். நேப்ளா அசையவில்லை. யார் பெயரிலும் ஒட்டாதவரை அது வெறும் சொல்தானே.

“காசில்லாதவன் பொக்த். விளையாத நிலம் பொக்த். சரக்கில்லாத பேச்சும் பொக்த்துதான். டப்ளின்லேர்ந்து சில பேர் வந்து பேசுவாங்களே, அந்த மாதிரி.”

அவர் சிரித்தபடி எழுதினார். “பேருக்குப் பின்னாடி வந்தா?”

“ஆம்பளைக்குப் பொக்த். பொம்பளைக்கு முதலெழுத்து இளகி வொக்த். போனவங்களைச் சொல்றது.”

“ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.”

“இல்ல.”

எழுந்துபோய்த் தேநீர் ஊற்றி வந்தாள். அவர் சர்க்கரைக் கிண்ணத்தருகே தயங்கினார். “ரெண்டு கரண்டி அதிகமோ?”

“தாராளமா போடுங்க சார். ஃபெஸ்டி பொக்த் மூணு போடுவாரு.”

பார்ட்லியின் கோப்பை பாதி வழியில் நின்றது. தொப்பியைக் கழற்றினான். இத்தனை நாளில் முதல் தடவையாக அழுதான். அந்த அழுகையில் ஒரு நிம்மதியும் இருந்தது; அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“பார்ட்லி! வாய் தவறிடுச்சுடா! நான் சொல்லல, உட்காரு!”

“சொல்லிட்டீங்க அண்ணி,” என்று அவன் வெளியே இறங்கினான்.

அகராதிக்காரர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். “இதே போதும்மா. நல்ல உதாரணம்.”

அட்டையைப் பிடுங்கி நெருப்பில் எறிந்துவிட்டு ஓடினாள். அவள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்ட்லி முழங்காலளவு தண்ணீரில் நின்று படகுகளைப் பார்த்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான். அவை ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்பின.