இடது கையின் நடை

பன்னிரண்டு மணிக்குத்தான் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம் திறக்கும். பதினொன்றரைக்கே அவள் கீபோர்டைத் துடைத்து, ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு அட்டையை மடித்து வைத்து, ஒயர்களைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் ஆறு வாரத்துக்குப் பிறகு பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். தையல் போட்ட இடத்தில் கிட்டார் இடிக்காமல் இருக்க, சட்டைக்குள் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்.

"என்ன மாப்ள, கையில துரு ஏறிடுச்சா?" என்றார் பின்னாலிருந்த டிரம்ஸ் அண்ணன்.

"வயித்துலதாண்ணே கத்தி வச்சாங்க. கை அப்படியேதான் இருக்கு."

அண்ணன் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் வருவதற்காக மூவரும் காத்திருந்தார்கள். "உங்க வீட்டுக்காரர் இல்லாத ஆறு வாரத்துல ஒரு கஸ்டமர்கூட என்னன்னு கேக்கலம்மா, ரெண்டு பேரே போதும்போலத் தெரியுது. ஆனா காதால கேக்காம முடிவு பண்ண மாட்டேன். அவரோட ஒரு பாட்டு, அவர் இல்லாம அதே பாட்டு, வாசிச்சுக் காட்டுங்க" என்று நேற்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வினையைத் தேடிக்கொண்டவள் அவள்தான். அவர்கள் வாசிப்பது ஜாஸ். அதில் நாலைந்து சுரங்களைக் கொத்தாகப் பிடிக்க வேண்டும். அந்தக் கொத்தின் அடிச்சுரம் பேஸ்காரருடையது. கீபோர்டுக்காரி அதைத் தொட்டால் அடுத்தவர் தட்டில் கை வைத்த மாதிரி. பதினாலு வருஷமாக அவள் இடது கை கீபோர்டின் நடுக் கட்டைகளைத் தாண்டிக் கீழே இறங்கியதில்லை.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதும், ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியாள் ஒருத்தன் வந்தால் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்வான் என்று அவளுக்குப் பயம். "அது வரைக்கும் நானே பாத்துக்கறேன்" என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அவர்கள் வாசிக்கும் நாற்பது பாட்டையும் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். இடது கை கடைசிக் கட்டைகள் வரை இறங்கி, தாளத்தின் அடிக்கு ஒரு சுரமாக நடக்க வேண்டும். வலது கையின் மூன்று விரல் கொத்தைப் பிடிக்க, மெட்டைச் சுண்டுவிரல் மேலே சுமக்க வேண்டும். முதல் வாரம் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று.

சொல்லிக் கொடுத்தவர் வீட்டுக்காரரேதான். படுக்கையில் இருந்தபடியே குரல் கொடுப்பார்.

"செருப்புல கல்லு மாட்டுன மாதிரி நொண்டுது. அடுத்த கொத்து அடுத்த வீடு மாதிரி. நாலாவது அடியில அதோட வாசலுக்கு வந்துடணும். அப்பத்தான் முதல் அடியில உள்ள போக முடியும்."

"இங்க ஒருத்தி ரெண்டு பேர் வேலையப் பாக்கறேன். படுத்துக்கிட்டு நொட்டை சொல்றீங்களா?"

"படுத்துக்கிட்டாத்தான் நல்லாக் கேக்குது."

நாலாவது வாரம் ஒரு நாள் குரலே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவள் வாசிப்பைக் கேட்டபடியே தூங்கிப்போயிருந்தார். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்று காலை கிளம்பும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள். "நீங்க இல்லாம வாசிக்கச் சொன்னா, நான் பழைய மாதிரியே வாசிச்சுடறேன். அடியில ஒண்ணும் போட மாட்டேன். வெறிச்சோடிக் கேக்கும். அவருக்கே புரிஞ்சுடும்."

"வேணும்னே கெடுக்கறதா?"

"கெடுக்கறதென்ன? பதினாலு வருஷம் அப்படித்தான வாசிச்சேன்?"

அவர் அவள் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுவிட்டார். படி இறங்கும்போது, "பாட்டோட ரெண்டாவது திருப்பத்துல அவசரப்படாத" என்றார்.

மேனேஜர் வந்து முன்வரிசை மேஜையில் உட்கார்ந்தார். முதலில் மூவரும் வாசித்தார்கள். அவருடைய முதல் சுரம் கம்பளத்துக்கு அடியிலிருந்து வருவது போல எழும்பியதும், அவள் இடது கை நடுக் கட்டைகளில் போய் அக்கடா என்று உட்கார்ந்தது. ஆறு வாரமாக எதைச் சுமந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் மேனேஜர் தலையாட்டினார்.

"இப்ப அவர் இல்லாம."

வீட்டுக்காரர் கிட்டார் ஒயரைப் பிடுங்கினார். அவள் பழைய மாதிரியே தொடங்கினாள். அடியில் ஒன்றுமில்லை. பாட்டு அந்தரத்தில் தொங்கியது. விஷயம் புரிந்த அண்ணனும் குச்சியை அடக்கி வாசித்தார். மேனேஜரின் நெற்றி சுருங்கிற்று. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

இரண்டாவது திருப்பம் வந்தது. வலது கை மேலே ஏற, கீழே குழி இன்னும் ஆழமாகக் கேட்டது. மேஜை விளிம்பிலிருந்து டம்ளர் நழுவினால் கை தானாக நீளுமே, அப்படி அவள் இடது கை கீழே இறங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது அடியில் வாசல், முதல் அடியில் உள்ளே. அவள் சுதாரித்துக் கையை இழுப்பதற்குள் எட்டு அடி நடந்து முடிந்திருந்தது. இழுத்தாள். மறுபடி இறங்கிற்று. மேனேஜரின் ஷூ தாளம் போடத் தொடங்கியது.

"முதல்ல என்னமோ மாதிரி இருந்துச்சும்மா. அப்புறம் சரியாயிடுச்சு" என்று அவர் எழுந்தார். வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் குனிய முடியாமல் குனிந்து கிட்டாரை உறையில் போட்டார். அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"கை கேக்கலங்க."

"கேக்காதுன்னு தெரியும். நான்தான அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்." அவள் விரல்களைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். "நொண்டவே இல்ல."

அடுத்த வாரம் அவர் நின்ற இடத்தில் ஒரு பெரிய பூந்தொட்டி வந்தது. அன்று மழை. அவளைக் கூட்டிப்போக அவர் முன்னதாகவே வந்து, கண்ணாடிச் சுவருக்கு வெளியே குடை பிடித்து நின்றார். இரண்டாவது திருப்பத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய இடது கை விரல்கள் குடைக் கம்பியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நாலாவது அடியில் அவள் நினைத்திராத இடத்துக்கு ஒரு விரல் போயிற்று. அவள் கையும் அங்கே போனது. அது இன்னும் நன்றாக இருந்தது.

"இன்னிக்குப் பிரமாதம்" என்று மேனேஜர் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். கண்ணாடிப் பக்கம் பார்த்தவர், வாசல் காவலாளியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். காவலாளி வெளியே போய், கண்ணாடியை விட்டுத் தள்ளிக் கை காட்டித் தயங்கித் தயங்கிப் பேசினார். வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டி, தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார். இப்போது குடைக் கம்பியும் நாலு விரலும் மட்டும்தான் தெரிந்தன. அவள் அதைப் பார்த்தே வாசித்தாள்.